பிக்டோய் போகிற பெறாமகளுக்கு

அல்லைப்பிட்டி

அன்புள்ள பெறாமகளுக்கு,

பெரியப்பா எழுதிக்கொள்வது. உன்னுடைய சனிக்கிழமைப் பட்டியலைக் கொம்மா வட்ஸ்அப்பில் அனுப்பினா. அரண்மனை, விகெலான் பூங்கா, மூங்க் அருங்காட்சியகம், ஒபராக் கூரை, அகெர்ஸ்ஹுஸ் கோட்டை, பிக்டோய்க் கப்பல்கள். ஒஸ்லோ முழுவதையும் சிநேகிதிகளோடு ஒரே நாளில் முடிக்கப் போகிறாயாக்கும். ஆனி மாதத்தில் அங்கே இரவு பத்தரை தாண்டித்தான் பொழுது படும். அந்த வெளிச்சம்தான் ஆளை ஏய்க்கிறது. கொக்கா வீட்டில் நின்ற நாட்களில் நான் பார்த்தது: பொழுது நீளும், கால் நீளாது. பட்டியலில் பாதியை வெட்டு.

கப்பல்களை மட்டும் வெட்டாதே. ஃபிராம் கப்பலுக்குள் ஏறியே பார்க்கலாம். 1892இல் கொலின் ஆர்ச்சர் கட்டியது. நன்சன் அதை வடக்கே கொண்டுபோய் வேண்டுமென்றே பனிக்கட்டிக்குள் சிக்க வைத்தார். அமுண்ட்சன் தென் துருவத்துக்குப் புறப்பட்டதும் அதிலேதான். அடிப்பக்கத்தை வடிவாகப் பார், உருண்டையாக இருக்கும். ஐஸ் நெருக்கினால் நொறுங்காமல் வழுக்கி மேலே எழும்பட்டும் என்று செய்தது. அதனாலேயே திறந்த கடலில் பேயாட்டம் ஆடும். கடலில் போனவன் கட்டுகிற கப்பலில் இப்படி ஒரு கணக்கு எப்போதும் இருக்கும்.

பக்கத்திலேயே கொன்-டிக்கி. தோர் ஹையர்டாலும் இன்னும் ஐந்து பேரும் 1947இல் பெருவிலிருந்து பொலினீசியாவுக்கு 101 நாளில் போன தெப்பம். ஒன்பது பால்சா மரம், ஆணி கிடையாது, கயிற்றுக் கட்டுத்தான். சிநேகிதிகள் வாயைப் பிளந்துகொண்டு நிற்பார்கள். நீயும் கொஞ்சநேரம் நில். பிறகு கதை. மரத்தைக் கயிற்றால் பிணைத்துக்கொண்டு எங்கள் ஆட்கள் விடியப்புறம் தொழிலுக்குப் போனதைச் சொல். வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை ஓர் அமெரிக்கர் வாங்க, 1938இல் அது எங்கள் மாலுமிகளோடு மசசூசெட்ஸ் குளொஸ்டர் துறைக்குப் போய்ச் சேர்ந்ததே, அதையும் சொல். புழுகச் சொல்லவில்லை, பிள்ளை. ஒருவர் தன் வீட்டு அலுமாரியைத் திறந்து காட்டும்போது சும்மா தலையாட்டிக்கொண்டே இருந்தால் பத்து நிமிசத்தில் அவருக்கே அலுத்துப்போகும்.

நகரசபைக் கட்டிடத்துக்குக் கிட்டவிருந்து சின்னத் தீவுகளுக்குப் படகு ஓடுகிறது. ட்ராமுக்கு எடுத்த ரிக்கற்றே அதற்கும் செல்லும். குறிகட்டுவானில் நயினாதீவுப் படகுக்கு நெரிபட்டு வளர்ந்த உனக்கு அது ஒரு பயணமே இல்லை, ஏறி இருக்கமுன் இறங்க வேண்டும். ஹொவெதோயா என்ற தீவில் இறங்கு. 1147இல் துறவிகள் தொடங்கிய மடத்தின் இடிபாடு அங்கே கிடக்கிறது. அதற்குப் பக்கத்தில் இருந்து சாப்பாட்டைப் பிரியுங்கள். அந்த மடம் எழும்பிய காலத்தை ஒட்டித்தான் சீனத்துச் சொங் பீங்கான் எங்கள் அல்லைப்பிட்டிக் கரையில் இறங்கியிருக்கிறது. ஜோன் கார்ஸ்வெல் 1977இல் அந்த ஓடுகளைத் தோண்டி எடுத்தார். உன் சிநேகிதிகள் போனில் எங்கள் ஊரைத் தேடினால் 2006தான் முதலில் வரும், மே 13 இரவு இங்கேயும் பக்கத்து ஊர்களிலும் 13 பேரைச் சுட்டுக் கொன்ற சம்பவம். கேட்டால் மழுப்பாதே, உள்ளதைச் சொல். பீங்கானையும் சேர்த்துச் சொல். அந்த ஒரு இரவை மட்டும் வைத்து ஊரை ஒருவரும் அளக்க வேண்டாம்.

காசு விசயம். பில் வந்தால் அவரவர் பங்கை அவரவர் விப்ஸ் என்ற போன் செயலியில் போடுவார்கள், சதம் பிசகாது. நீ முந்திக்கொண்டு எல்லாருக்கும் கட்டாதே. அவர்களுக்குக் கூச்சம், உனக்கு மாதக் கடைசியில் பாணும் சம்பலும். கோப்பி விலையை ரூபாவில் பெருக்கிப் பார்த்து நாளைக் கெடுக்கவும் வேண்டாம். புட்டைக் கட்டிக்கொண்டு போ, வெட்கப்பட ஒன்றுமில்லை. அங்கே பெரிய உத்தியோகக்காரரும் பாண் துண்டைச் சுற்றிக்கொண்டுதான் வேலைக்குப் போகிறார்கள். போத்தல் தண்ணீர் வாங்காதே, குழாய்த் தண்ணீர் அந்தமாதிரி. உவர்க் கிணற்றையும் பவுசரையும் பார்த்திருக்கிற எங்களுக்கு அதுவே ஒரு பார்க்கவேண்டிய இடம்.

கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று துறையிலேயே பார்த்துவிட்டு நட. பைக்குள் ஒரு கம்பளிச் சட்டை கிடக்கட்டும், ஆனியென்றாலும் படகில் காற்றுச் சுள்ளென்று அடிக்கும். விகெலான் பூங்காவை இன்னொரு சனிக்கு விடு. அங்கே இருப்பதெல்லாம் கருங்கல்லும் வெண்கலமும், எழும்பி ஓடாது.

இப்படிக்கு,
பெரியப்பா