குழந்தையின் தோலில் வரிவரியாக நிறமாற்றமா? பெற்றோர் செய்ய வேண்டியவை

குழந்தை உடம்பில் வெளிறிய படை தெரிந்தால் செங்கல்பட்டுப் பக்கம் முதலில் வருவது தொழுநோய் பயம். அருகிலுள்ள திருமணியில் 1955 முதல் மத்திய அரசின் தொழுநோய் நிறுவனம் இருக்கிறது அல்லவா! அடுத்து, “கிரகணத்தன்று வெளியே போனாயா?” என்று தாயைக் குடைவார்கள். படை வரிவரியாக இருந்தால் காரணம் வேறாக இருக்கலாம்.

1. வடிவத்தைப் பாருங்கள். முதுகில் சரிந்திறங்கும் கோடுகள், விலாவில் நெளியும் பட்டைகள், கைகால்களில் நீளவாக்கில் ஓடும் வரிகள். பல கோடுகள் உடம்பின் நடுவில் சட்டென நின்றுவிடும். கருவில் தோல் செல்கள் நகர்ந்த பாதை இது. இதை 1901-இல் பிளாஷ்கோ என்ற ஜெர்மன் மருத்துவர் வரைந்து காட்டினார். சில செல்களில் மட்டும் குரோமோசோமோ மரபணுவோ மாறியிருந்தால், அந்தப் பாதையில் நிறம் கூடும் அல்லது குறையும்.

2. பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து வையுங்கள். மாமல்லபுரம் கடற்கரை வெயிலில் சுற்றியுள்ள தோல் கறுக்கும்போது வெளிர் கோடு பளிச்சென்று தெரியும். அதனாலேயே பரவுகிறது என்று பதற வேண்டாம்.

3. மற்றவற்றிலிருந்து பிரித்தறியுங்கள். கன்னத்தில் லேசான செதிலோடு வருவது பெரும்பாலும் தேமல். பால்வெள்ளையாகப் பரவினால் வெண்புள்ளி. படையில் உணர்ச்சி இல்லையென்றால் தொழுநோய்ப் பரிசோதனை தேவை. பச்சிளம் குழந்தைக்கு வரிவரியாகக் கொப்புளம் வந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

4. செல்களின் மாற்றம் தோலைத் தாண்டியும் இருக்கலாம் என்பதால் வளர்ச்சியையும் கவனியுங்கள். 9 மாதத்தில் உட்காருகிறதா, 18 மாதத்தில் நடக்கிறதா? பேச்சு தாமதமா? மாறுகண் உண்டா? ஒரு கால் மட்டும் நீளமா? வலிப்பு வந்தால் 108-ஐ அழையுங்கள்.

5. அங்கன்வாடிக்கு வரும் நடமாடும் மருத்துவக் குழுவிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ காட்டுங்கள். அங்கிருந்து செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினால், குழந்தை நலம், தோல் ஆகிய இரு பிரிவுகளிலும் காட்டுங்கள். தடுப்பூசி அட்டையும் எடுத்த படங்களும் கையில் இருக்கட்டும்.

6. குரோமோசோம் பரிசோதனை எல்லாக் குழந்தைக்கும் தேவைப்படாது. எடுத்தாலும், ரத்தத்தில் எல்லாம் சரியாக இருந்து தோலில் மட்டும் மாற்றம் இருக்கலாம். “தோல் மாதிரி எடுக்க வேண்டுமா?” என்று கேளுங்கள்.

7. நாட்டு மருந்தாகக் கார்போகரிசியை அரைத்துப் பூசாதீர்கள். அது பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்பளித்துவிடும். இந்த வரிகளும் மறையாது.

8. அடுத்த குழந்தை பற்றிக் கவலையா? இந்தக் குரோமோசோம் அல்லது மரபணு மாற்றம் பெரும்பாலும் கரு உருவான பிறகு நேர்வது. தாய் செய்த எதனாலும் வந்ததல்ல. அரிதாகப் பெற்றோரின் குரோமோசோமையும் பார்க்க வேண்டிவரும். அதை மரபியல் ஆலோசகரிடம் கேட்டு முடிவெடுங்கள்.