கேள்வி கேட்டே பேர் வாங்கியவர்கள்

கேள்வி: கல்லூரி வினாடி வினா மேடைகளில் ‘குயிஸ் மாஸ்டர்’ என்று ஒருவர் நிற்கிறாரே, அவர் முதன்முதலில் எங்கே முளைத்தார்?
– வாசகி, கோவில்பட்டி

பதில்: நமக்குத் தெரிந்த கல்லூரி வடிவத்தில் என்றால், அமெரிக்க வானொலியில். டான் ரீட் உருவாக்கிய ‘காலேஜ் பௌல்’ 1953-இல் என்.பி.சி.யில் ஒலித்தது, கேள்வி கேட்டவர் ஆலன் லுடன். அதே ஆட்டத்தை 1962-இல் பிரிட்டனின் கிரனாடா தொலைக்காட்சி ‘யூனிவர்சிட்டி சேலஞ்ச்’ ஆக்கியது. பாம்பர் காஸ்காயின் என்ற 27 வயது இளைஞரை நாற்காலியில் உட்கார வைத்தார்கள். 1987-இல்தான் எழுந்தார்! நடுவே முகலாயப் பேரரசர்களைப் பற்றி ஒரு நல்ல புத்தகமும் எழுதிவிட்டார்.

அவர் பொறுமைக்கு 1975-இல் ஒரு சோதனை வந்தது. ஆக்ஸ்போர்டும் கேம்பிரிட்ஜும் கல்லூரிக்கு ஓர் அணி அனுப்பலாம், மற்றப் பல்கலைக்கழகங்களுக்கு ஒன்றே ஒன்று. இது என்ன நியாயம் என்று கடுப்பான மான்செஸ்டர் மாணவர்கள், எதைக் கேட்டாலும் ‘மார்க்ஸ்’, ‘லெனின்’, ‘ட்ராட்ஸ்கி’, ‘சே குவேரா’ என்றே பதில் சொன்னார்கள். பதில் தப்பு, கேள்வி நியாயமானது.

இந்தியாவுக்கு இந்தக் கலையைக் கொண்டுவந்தவர் என்று எல்லோரும் கைகாட்டுவது கல்கத்தாவின் நீல் ஓப்ரையனை. ஆங்கிலோ இந்தியர். 1967-இல் அங்கே ஒரு தேவாலயத்தின் கூடத்தில் அவர் நடத்திய போட்டியைத்தான் இந்திய குயிஸின் பிள்ளையார் சுழியாகச் சொல்கிறார்கள். ஆனால் அவருக்குச் சோறு போட்டது வேறு வேலை: ஆக்ஸ்போர்டு யூனிவர்சிட்டி பிரஸ். பிற்பாடு ஐ.சி.எஸ்.இ. தேர்வு நடத்தும் கவுன்சிலின் தலைவர், நியமன எம்.பி. எல்லாம் ஆனார். பகலில் பாடநூல், மாலையில் கேள்வி.

கேள்வி: அப்படியானால் இதையே தொழிலாகச் செய்தவர் யார்?
– வாசகர், திருப்பூர்

பதில்: சித்தார்த்த பாசு. 1985-இல் தூர்தர்ஷனில் ‘குயிஸ் டைம்’ நடத்திய தாடிக்காரர். அந்த நிகழ்ச்சி பார்த்த தலைமுறைக்கு ‘பஸ்ஸர்’ என்ற சொல்லே அவரால்தான் பழக்கம். பிறகு தயாரிப்பில் இறங்கினார். 2000-இல் அமிதாப் பச்சன் உட்கார்ந்த ‘கோன் பனேகா குரோர்பதி’யும் அவர் கைவண்ணம். நீல் ஓப்ரையனின் மகன் டெரிக், விளம்பரத் துறையை விட்டுவிட்டு முழுநேரக் கேள்விக்காரர் ஆனார். இப்போது மாநிலங்களவையில் கேட்கிறார். நம் சென்னையில் லேண்ட்மார்க் குயிஸை நடத்திய நவீன் ஜெயக்குமார் கண் மருத்துவர். பகுதிநேரக்காரர்கள் ஒன்றும் சளைத்தவர்கள் இல்லை.

மேடையில் தெரிவது குரல் மட்டும். உண்மையான உழைப்பு அதற்கு முந்தைய வாரங்களில். எட்டாம் வகுப்பில் நான் ஒரு போட்டியில் ஆஸ்திரேலியாவின் தலைநகர் கான்பெரா என்றேன். நடத்திய சார் தாளைப் பார்த்து, “தப்பு, சிட்னி” என்று அடுத்த பெஞ்சுக்குப் பாஸ் பண்ணிவிட்டார். எவர்சில்வர் டிபன் பாக்ஸ் கைமாறியது. நல்ல குயிஸ் மாஸ்டர் பதிலை இரண்டு மூன்று இடத்தில் சரிபார்ப்பார். அதைவிட, தெரியாவிட்டாலும் யோசித்துப் பிடிக்கிற மாதிரி கேள்விக்குள்ளேயே நூல் விட்டு வைப்பார். யார் பக்கத்தில் யார் உட்கார்கிறார்கள் என்பதும் அவர் கவலை. வரிசையாகப் பாஸ் ஆகும் ஆட்டத்தில், சோப்ளாங்கி அணிக்கு அடுத்த நாற்காலி கிடைத்தவனுக்கு யோகம். அதனால்தான், பதில் சொன்ன அணிக்கு அடுத்த அணியிலிருந்து அடுத்த கேள்வியைத் தொடங்கும் ‘பவுன்ஸ்’ முறை வந்தது.

கேள்வி: ‘வினாடி வினா’ சரியான தமிழா?
– அதே திருப்பூர் வாசகர்

பதில்: அழகான எதுகை, இருக்கட்டும். ஆனால் பழைய கணக்கில் ஒரு நாழிகைக்கு 60 விநாடி. நாழிகை என்பது 24 நிமிடம். ஆக அசல் விநாடி 24 நொடி. எந்த குயிஸ் மாஸ்டரிடமாவது அவ்வளவு நேரம் கேட்டுப் பாருங்கள்!