கம்பார் வளாகத்தில் குறிப்பெடுக்கும் தம்பிக்கு



நீ அனுப்பிய குறிப்புகளை இரண்டு முறை படித்தேன். விடுதிக்குப் பின்னால் ஓடும் பெரிய கால்வாயில் உடும்பு நீந்திப் போனது, வெண்தொண்டை மீன்கொத்தி பல்லியைக் கிளையில் அடித்து அடித்து விழுங்கியது, உணவகத்துக் குப்பைத்தொட்டியைக் குரங்குக் கூட்டம் எந்த நேரத்தில் கவிழ்க்கிறது என்பது, எல்லாவற்றையும் நன்றாகப் பார்த்திருக்கிறாய். ஆனால் கடைசிப் பக்கத்தில், "இதெல்லாம் சாதாரண விஷயம்தான் ஐயா, பெலும் காட்டுக்குப் போய் வந்த பிறகு உருப்படியாக எழுதுகிறேன்" என்று முடித்திருந்தாய். அந்த ஒரு வரிக்குப் பதில் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

பெலுமுக்குக் கட்டாயம் போ. மலேசியாவில் உள்ள பத்து வகை இருவாட்சிகளும் பெலும், தெமெங்கோர் காடுகளில் இருக்கின்றன. உலகில் அப்படிப்பட்ட இடங்கள் அதிகமில்லை. ஆனால் அங்கே நீ மூன்று நாள் விருந்தாளி. படகோட்டி காட்டுவதைப் பார்ப்பாய், அவர் சொல்வதை எழுதுவாய். கம்பாரில் நான்கு ஆண்டு குடியிருக்கப் போகிறாய். ஒரே மரத்தை நான்கு மழைக்காலத்தில் பார்க்கும் வாய்ப்பு உனக்கு இனி வாழ்க்கையில் கிடைக்காமலே போகலாம்.

முதலில் நீ நிற்கும் மண்ணைத் தெரிந்துகொள். துங்கு அப்துல் ரஹ்மான் பல்கலைக்கழகம் 2002இல் தொடங்கியது. கம்பார் வளாகம் 2007இல் வந்தது. அதற்கு முன் அந்த நிலம் ஈயலம்பம், அதாவது ஈயச் சுரங்கம். நீ 'ஏரி' என்று எழுதியிருப்பதெல்லாம் ஈயக்குட்டைகள். கிந்தா பள்ளத்தாக்கை ஒரு நூற்றாண்டுக்கு மேல் தோண்டி, அலசி, மணலை ஒரு பக்கம் கொட்டி, பள்ளத்தில் தண்ணீர் நிற்க விட்டுவிட்டுப் போனார்கள். இடுப்பளவு தண்ணீரில் நின்று துலாங் தட்டில் ஈயம் அரித்த ஹாக்கா பெண்கள் அந்தக் கரைகளில்தான் நின்றார்கள். 1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றம் கடனில் மூழ்கி லண்டன் சந்தையில் ஈய வாணிபமே நின்றுபோனது. பேராக்கில் லம்பங்கள் வரிசையாக மூடின. தஞ்சோங் துவாலாங் பக்கம் 1938இல் கட்டிய பெரிய ஈயக்கப்பல் ஒன்று இன்னும் நிற்கிறது. அது 1982லேயே ஓய்ந்துவிட்டது. ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வா, உன் வளாகத்துக் குட்டைகளின் ஆழம் அப்போதுதான் புரியும்.

கெட்டுப்போன நிலம் என்று எல்லோரும் கைவிட்ட பிறகுதான் பறவைகள் வந்தன. பத்து காஜா அருகில் கிந்தா இயற்கைப் பூங்காவும் பழைய ஈயக்குட்டைதான். சாம்பல் நாரை, செந்நாரை, இராக்கொக்கு, வெள்ளைக் கொக்குகள் எல்லாம் அங்கே கூட்டமாகக் கூடு கட்டுகின்றன. உன் குறிப்பில் 'பஞ்சுருட்டான்' என்று ஒரே சொல்லில் நிறுத்தியிருக்கிறாய். தொண்டை நீலமா, இல்லையா என்று பார். நீலத்தொண்டைப் பஞ்சுருட்டான் ஆண்டின் முற்பகுதியில் இங்கே வந்து, மணல் தரையில் நீளக் குழி தோண்டி முட்டையிடுகிறது. ஈயம் அலசிக் கொட்டிய மணல் அதற்கு வசதியாகப் போயிற்று. ஆண்டுக் கடைசியில் நீ பார்ப்பது பெரும்பாலும் வடக்கிலிருந்து வலசை வரும் நீலவால் பஞ்சுருட்டானாக இருக்கும். உருவத்தில் நெருங்கிய உறவுதான், ஆனால் ஒன்று குடும்பம் நடத்த வருகிறது, மற்றது குளிருக்கு ஒதுங்க வருகிறது. தேதி போட்டு எழுதினால் இரண்டாம் ஆண்டிலேயே இந்த மாற்றம் உன் நோட்டில் தானாகத் தெரியும். தேதி இல்லாமல் எழுதியதை நீயே பிறகு நம்ப மாட்டாய்.

காக்கையைப் பற்றி நீ ஒரு வரிகூட எழுதவில்லை. எங்கும் இருப்பதால் விட்டுவிட்டாய் என்று நினைக்கிறேன். இந்த நாட்டு வீட்டுக்காக்கைக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1890களில் கிள்ளான் பக்கம் காப்பித் தோட்டங்களைப் புழு அரித்தபோது, புழு தின்னட்டும் என்று இலங்கையிலிருந்து காக்கைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அதே காப்பிக்காக, அதே கடல் வழியாகத்தான் நம் ஆட்களையும் கொண்டுவந்தார்கள். காப்பி அழிந்தது, ரப்பர் வந்தது. காக்கையும் நாமும் தங்கிவிட்டோம். காக்கை பெருகிய ஊர்களில் அதன் கூட்டில் முட்டையிடும் குயிலும் பெருகியது. தேர்வுக்குப் படிக்கும்போது விடியற்காலையில் குயில் கத்தி எழுப்பிவிட்டது என்று சலித்துக்கொண்டிருக்கிறாயே, அந்தக் குரலுக்குப் பின்னால் ஒரு நூற்றாண்டுத் தோட்ட வரலாறு இருக்கிறது. வளாகத்தில் எந்த மரத்துக் காக்கைக் கூட்டைக் குயில் சுற்றுகிறது, காக்கை எப்படி விரட்டுகிறது என்று ஒரு பருவம் முழுக்கக் கவனி. பெலுமில் கிடைக்காத கட்டுரை அது.

ரப்பரும் இப்படித்தான். பிரேசில் விதையிலிருந்து முளைத்து 1877இல் சிங்கப்பூருக்கு வந்த கன்றுகளில் ஒன்பதை ஹியூ லோ கோலகங்சாரில் நட்டார். அந்தத் தலைமுறையில் மிஞ்சிய ஒரு மரம் இன்றும் அங்கே நிற்கிறது. உன் பாட்டி பால் வெட்டிய மரம், என் தாய் பால் வெட்டிய மரம் எல்லாம் அந்த வம்சத்துக்கு உறவு. நான் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன். இருட்டோடு பிரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, நெற்றி விளக்கோடு நிரைக்குள் நுழையும் பெண்கள்தான் எங்கள் ஊரின் இயற்கை அறிஞர்கள். எந்த மரத்துப் பால் மங்கில் தேள் சுருண்டிருக்கும், எந்த ஓடைக்கரையில் பன்றி குட்டிகளோடு படுத்திருக்கும், மூசாங் என்னும் மரநாய் எந்த வழியாகப் போகும், இருட்டில் கட்டை தட்டுவதுபோல் 'டொக் டொக்' என்று கத்துவது பக்கிக் குருவிதான், பேயில்லை என்பது, எல்லாம் அவர்களுக்குத் தெரியும். இலையுதிர்ந்து பால் குறையும் மாதம், வெயில் ஏறினால் விதை வெடித்துத் தெறிக்கும் மாதம் என்று ஆண்டையே அவர்கள் மரத்தை வைத்துத்தான் கணக்கிட்டார்கள். அந்த அறிவை யாரும் எழுதி வைக்கவில்லை. தாவரவியல் பூங்காக்களில் வெள்ளைக்காரத் துரைமார் எழுதிய குறிப்புகள் பத்திரமாக இருக்கின்றன. தினமும் நூற்றுக்கணக்கான மரங்களைத் தொட்டு நடந்தவர்களின் குறிப்பு ஒன்றுகூட இல்லை. இதை நினைத்தால் எனக்கு ஆறவில்லை.

பிறகு செம்பனை வந்தது. செம்பனைப் பெண்பூவுக்குப் பெண்கள் கையால் மகரந்தம் தூவிய காலம் ஒன்று இருந்தது. டால்கம் பவுடரில் மகரந்தத்தைக் கலந்து, முள்ளுக்குள் கையை விட்டு, பூப்பூவாகத் தூவ வேண்டும். 1981இல் கெமரூனிலிருந்து ஒரு சிறு வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். நெல்மணியைவிடச் சின்ன வண்டு. ஆண்பூவில் பிறந்து வளர்ந்து, மகரந்தத்தைச் சுமந்து பெண்பூவுக்குப் போகிறது. அந்தப் பெண்களின் வேலை அத்தோடு முடிந்தது. எலியைப் பிடிக்கக் கூட்டுப்பெட்டி வைத்து ஆந்தை வளர்ப்பதும் பிறகு பரவியது. கம்பாரைச் சுற்றி உள்ள செம்பனையில் ஆண்பூவைக் குனிந்து பார், வண்டு மொய்க்கும். அதை எழுதும்போது அந்தப் பெண்களையும் சேர்த்து எழுது. அவர்களை விட்டுவிட்டு எழுதினால் அது பாதி உண்மை.

எழுத்தைப் பற்றி உன்னிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியதும் இருக்கிறது. 'எழில் கொஞ்சும்', 'இயற்கை அன்னையின் மடியில்' போன்றவற்றை உன் நோட்டிலிருந்து வெட்டிவிடு. அவை நீ பார்த்தவை அல்ல, படித்தவை. குரங்கு 'கோபத்தோடு' பார்த்தது என்று எழுதியிருக்கிறாய். பல்லைக் காட்டியதா, புருவத்தை உயர்த்தியதா, வாயைத் திறந்து முன்னால் பாய்ந்ததா? அதை எழுது, கோபமா பயமா என்பதைப் படிப்பவர் முடிவு செய்யட்டும். பார்க்காததையும் எழுது. போன வாரம் வரை வந்த நாரை இந்த வாரம் வரவில்லை என்பதும் செய்திதான். கைப்பேசிச் செயலியில் பறவையின் குரலைக் கொடுத்தால் பெயர் சொல்கிறது, பயன்படுத்திக்கொள். ஆனால் பெயர் கிடைத்ததும் பார்ப்பதை நிறுத்திவிடாதே. 1789இல் இங்கிலாந்தின் செல்போர்ன் கிராமத்துப் பாதிரியார் கில்பர்ட் ஒயிட் தன் கடிதங்களை நூலாக்கினார். எல்லோரும் ஒரே குருவி என்று நினைத்திருந்ததை மூன்று இனம் என்று அவர் பாட்டை வைத்தே பிரித்துச் சொன்னார். அவரிடம் இருந்தவை காதும் பொறுமையும்தான். அவரும் பெரும்பாலும் தன் ஊரை விட்டு நகரவில்லை.

நம்மவர்களிலும் ஒருவர் இருந்தார். மா. கிருஷ்ணன், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950இல் தொடங்கிய பத்தியை 1996இல் இறக்கும் காலம் வரை எழுதினார். யானையையும் புலியையும் எழுதியவர்தான், ஆனால் காக்கை, அணில், வீட்டு ஆடு என்று தெருவில் கண்டதையும் அதே அக்கறையோடு எழுதினார். தமிழிலும் எழுதியிருக்கிறார், தேடிப் படி. அவருடைய நடையை நகல் எடுக்காதே. ஒரு சின்ன உயிருக்கு அவர் எவ்வளவு நேரம் ஒதுக்கினார் என்பதைப் பார்த்துக்கொள்.

உணவகத்துக் குரங்குகளைப் பற்றி நீ எழுதியதில் எனக்கு ஒரு வருத்தம். 'தொல்லை' என்று மூன்று இடத்தில் வருகிறது. நீள்வால் குரங்கை 2022இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் அழியும் ஆபத்தில் உள்ள இனமாக அறிவித்தது. எங்கும் தென்படும் விலங்கு எப்படி அழியும் என்று கேட்பார்கள். காடும் தோட்டமும் வீடமைப்புத் திட்டமாக மாறும்போது, அது ஊருக்குள் வந்து நம் கண்ணில் அதிகம் படுகிறது. மாணவர்கள் ரொட்டித்துண்டு வீசுகிறார்கள், குப்பைத்தொட்டிக்கு மூடி இல்லை. குரங்கை மட்டும் எழுதாமல் தொட்டியையும் எழுது. யார் உணவு போடுகிறார்கள், எத்தனை மணிக்கு, பாதுகாவலர் என்ன செய்கிறார் என்று எழுது. அது புகார்க் கடிதமாகவும் பயன்படும், நல்ல கட்டுரையாகவும் நிற்கும்.

சுண்ணாம்புக் குன்றுகளையும் விட்டுவிடாதே. அவற்றின் குகைகளில் தேன் குடிக்கும் வௌவால்கள் தங்குகின்றன. கோப்பெங்கிலும் தாப்பாவிலும் டுரியான் பூ இருட்டும் நேரத்தில் விரியும்போது, மகரந்தம் சேர்க்கும் பெரிய வேலை அவற்றுடையது. டுரியான் சில வாரங்கள்தான் பூக்கும். மற்ற நாட்களில் அவை கடலோரச் சதுப்பு மரங்களின் பூவைத் தேடிப் பல கிலோமீட்டர் பறந்துபோகின்றன. குன்றை உடைத்தாலும் சதுப்பை அழித்தாலும் டுரியானுக்குச் சேதம். ஈப்போவுக்கு வடக்கே கந்தான் குன்றின் பெயரையே தாங்கிய ஒரு சிலந்தி இனம் உண்டு. அங்கே கண்டு 2014இல் பெயரிட்ட ஒரு நத்தைக்கு, அந்தக் குன்றை வெட்டிய சிமெண்டு நிறுவனத்தின் பெயரையே வைத்தார்கள். ஈப்போ கல்லுமலைக் கோயிலுக்குத் தைப்பூசத்துக்குப் போகும்போது நாம் கும்பிடுவதும் ஒரு சுண்ணாம்புக் குன்றின் அடியில்தான். காவடியைப் பார்த்த பிறகு ஒரு முறை தலையை நிமிர்த்தி, அந்தப் பாறை இடுக்கில் என்ன முளைத்திருக்கிறது என்றும் பார்.

அடுத்த மாதம் விடுமுறைக்குப் பாட்டியிடம் போகிறாய் என்று எழுதியிருக்கிறாய். பெலும் பயணத்தை ஒரு வாரம் தள்ளிவை. பாட்டி பால் வெட்டிய தோட்டத்தின் பெயரை முதலில் எழுது, அது இப்போது எந்த வீடமைப்புப் பகுதியாக இருக்கிறது என்றும் எழுது. பிறகு கேள்: நிரையில் என்னென்ன பாம்பு பார்த்தாய், எதற்கு என்ன பெயர் சொன்னீர்கள், எந்த மாதம் எந்தப் பறவை வந்தது, இருட்டில் எதற்குப் பயந்தாய்? அவர் மலாய்ச் சொல் சொன்னால் மலாய்ச் சொல்லாகவே எழுது, திருத்தாதே. அந்தத் தலைமுறையில் எண்பதைத் தாண்டியவர்களே இப்போது மிச்சம். இதைக் கேட்டு எழுத உன் வயதில் இருப்பவர்களை விட்டால் ஆளில்லை. எழுதி முடித்ததும் எனக்கு ஒரு படி அனுப்பு.