உச்சிக் கொப்புக் குருவியை அடையாளம் காண

சிங்கராஜ வனம் பார்க்கப் போகிற தங்கச்சிமாருக்கும் தம்பிமாருக்கும் அக்காவின் முதல் சொல்: நிறத்தைத் தேடிக் கண்ணை வருத்த வேண்டாம். கீழே நின்று வானத்துக்கு எதிராகப் பார்த்தால் உச்சிக் கொப்பில் எல்லாக் குருவியும் கறுப்புத்தான். அலகைப் பாருங்கோ. பிறகு அது என்ன தின்னுது எண்டு பாருங்கோ.

இதைப் பழக வல்வெட்டித்துறை வளவே போதும். குருவிச்சை பிடித்த மாமரமோ, ஜாம்பழ மரமோ இருந்தால் விடிய அதன் கீழே நில்லுங்கோ. 8 செ.மீ. நீளத்தில், மங்கல் சாம்பல் நிறத்தில், 'சிக் சிக்' எண்டு கத்திக்கொண்டு கொப்புக்குக் கொப்பு தாவுவதுதான் மலர்கொத்தி. இலங்கையின் ஆகச் சிறிய பறவை அது. அலகு கட்டை, வெளிறின நிறம். முருங்கைப் பூவுக்கு வரும் தேன்சிட்டின் அலகோ நீண்டு அரிவாள் மாதிரி வளைந்திருக்கும். இன்னொரு அடையாளமும் உண்டு. குருவிச்சைப் பழம் தின்ற மலர்கொத்தி, ஒட்டுகிற விதையைக் கழிக்கக் கொப்பிலே பின்புறத்தைத் தேய்க்கும். குருவிச்சை மரத்துக்கு மரம் பரவுவதும் இப்படித்தான். தேன்சிட்டு இந்த வேலை செய்யாது.

இனிக் காட்டுக்கு வாருங்கோ. வருடத்துக்கு 2,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை கொட்டுகிற தென்மேற்கு ஈரவலயத்தில் மலர்கொத்தியின் உறவுக்காரப் பறவை ஒன்று உண்டு: வெண்தொண்டை மலர்கொத்தி. 1872இல் பறவையியலாளர் ஸ்கிளேட்டர் இதை விபரித்து, இங்கே கடமை செய்த படை அதிகாரி வில்லியம் வின்சென்ட் லெக்கின் பெயரை வைத்தார். ஆணுக்கு முதுகு கருநீலம், தொண்டை வெள்ளை, வயிறு மஞ்சள், அலகு கட்டை. பெண்ணின் முதுகு மங்கல்.

குழப்பம் வருவது இரண்டு பறவைகளால். ஊதாப்பிட்டத் தேன்சிட்டின் பெண்ணுக்கும் தொண்டை வெளிறி வயிறு மஞ்சளாய் இருக்கும். அலகு அதைக் காட்டிக் கொடுத்துவிடும். வெள்ளைக்கண்ணிக்கு நிற ஒழுங்கே தலைகீழ்: தொண்டை மஞ்சள், வயிறு வெளிறல், கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம்.

குடாவ வாசலால் போனால் காலைவேளைதான் நல்லது. உள்ளே போய் அண்ணாந்து கழுத்து நோக முன்னம், காட்டுக் கரையில் பழம் பழுத்த பற்றைகளைப் பாருங்கோ. சிலவேளை மலர்கொத்தி கண் மட்டத்துக்கே இறங்கி வரும். வழிகாட்டியிடம் சிங்களத்தில் 'பிலலிச்சா' எண்டு கேளுங்கோ, விளங்கும். 8 மடங்கு பைனாகுலர் போதும். அட்டைக்குக் காலுறை கட்டாயம்.

போனில் குரலைப் போட்டுப் பறவையை இழுக்கிற பழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். கூடு கட்டுகிற காலத்தில் அது குஞ்சுகளை விட்டுவிட்டு வெறும் சத்தத்தோடு சண்டைக்கு வரும். எங்கள் தீவின் அந்த ஈரக்காடுகளைத் தவிர உலகில் வேறெங்கும் வெண்தொண்டை மலர்கொத்தி இல்லை, பிள்ளைகள்.