வீட்டுக்கு அருகில் ஒரு கல்லூரி

விடியுமுன் வெட்டுக்கத்தியுடன் நிரைக்குச் செல்பவர்கள் நண்பகலுக்குள் பாலை நிறுத்துக் கணக்கில் ஏற்றிவிட்டு வீடு திரும்புகிறார்கள். மழை பெய்தால் அன்று வெட்டு இல்லை. மரங்கள் இலையுதிர்க்கும் மாதங்களில் பாலும் குறைவு, வருமானமும் குறைவு. இவை தோட்ட மக்கள் அனைவரும் அறிந்தவையே. ஆனால் நாம் அதிகம் எண்ணிப் பாராத செய்தி ஒன்று உண்டு. தோட்டத்து வீடு வேலையோடு வந்தது. பெரும்பாலும் வேலையோடு போய்விடுவது. ஓய்வு பெறும் நாளிலோ தோட்டம் கைமாறும் நாளிலோ ஒரு குடும்பம் தன்னோடு எடுத்துச் செல்லக்கூடியவை எவை? வீட்டுச் சாமான்கள், ஊழியர் சேமநிதிப் பணம், இவற்றைவிட நிலையானது பிள்ளைகள் கற்றறிந்த தொழில்.

அத்தொழிலைக் கற்றுக்கொள்ளக் கோலாலம்பூருக்குத்தான் போக வேண்டும், ஆயிரக்கணக்கில் கடன் பட வேண்டும் என்ற எண்ணம் இன்னும் பலரிடம் இருக்கிறது. அது சரியன்று. குறைந்த செலவில், வீட்டிலிருந்தே சென்று வரும் தொலைவில் பயிலும் வாய்ப்பு நம் நாட்டின் பல மாவட்டங்களில் உண்டு. அதனை அறிந்துகொள்வதே இப்பாடத்தின் நோக்கம்.

1. சமூகக் கல்லூரி என்பது யாது?

மலேசியாவின் முதல் பல்தொழில்நுட்பக் கல்லூரியான உங்கு ஓமார் பொலிடெக்னிக் 1969-ஆம் ஆண்டில் ஈப்போவில் தோன்றியது. பின்னர் மற்ற மாநிலங்களிலும் பொலிடெக்னிக்குகள் அமைந்தன. எனினும், சிற்றூர்களிலும் தோட்டங்களிலும் வாழ்ந்த பிள்ளைகளுக்கு அவை எட்டாத தொலைவிலேயே இருந்தன. இக்குறையைப் போக்கும் பொருட்டு, ஒவ்வொரு நாடாளுமன்றத் தொகுதியிலும் ஒரு சமூகக் கல்லூரி அமைய வேண்டும் என்னும் திட்டத்திற்கு 2000-ஆம் ஆண்டில் அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. முதற் கல்லூரிகள் 2001-இல் செயல்படத் தொடங்கின. மலாய்மொழியில் 'கோலேஜ் கொமுனிட்டி' என்று வழங்கப்படும் இக்கல்லூரிகள் இன்று நாடெங்கும் நூற்றுக்கு மேல் உள்ளன. இவை உயர்கல்வி அமைச்சின் கீழ் இயங்குகின்றன.

கோல லங்காட், உலு சிலாங்கூர், தெலுக் இந்தான், சுங்கை சிப்புட், சுங்கை பட்டாணி, கூலிம், ஜெம்போல், ஜாசின், சிகாமட், பெந்தோங் ஆகிய பெயர்களைக் கேட்ட அளவிலேயே நம்மவர்க்குத் தோட்டங்கள் நினைவுக்கு வரும். இவ்விடங்களின் பெயரைத் தாங்கிய சமூகக் கல்லூரிகள் இருக்கின்றன என்பதை எத்தனை பேர் அறிவோம்?

மின்சாரத் தொழில்நுட்பம், வாகனப் பழுதுபார்ப்பு, குளிர்சாதனத் தொழில்நுட்பம், கணினியும் வலையமைப்பும், சமையற்கலை, ரொட்டி கேக் வகைகள், உடை தைத்தல், சுற்றுலாச் சேவை போன்ற துறைகள் அங்குக் கற்பிக்கப்படுகின்றன. எல்லாத் துறைகளும் எல்லாக் கல்லூரியிலும் இல்லை. ஆகவே, அருகிலுள்ள கல்லூரியில் எவை உள்ளன என்பதை முதலில் விசாரித்தறிதல் வேண்டும். சான்றிதழ் வகுப்பு பெரும்பாலும் நான்கு பருவங்களைக் கொண்டது. அவற்றுள் மூன்று பருவங்கள் கல்லூரியிலும் ஒரு பருவம் தொழிலிடத்தில் நேரடிப் பயிற்சியாகவும் அமையும்.

2. யார் சேரலாம்?

மலேசியக் குடிமக்களாய் இருத்தல் வேண்டும். எஸ்.பி.எம். சான்றிதழ் பெற்றிருத்தல் வேண்டும். ஏழெட்டுப் பாடங்களில் சிறப்புத் தேர்ச்சி தேவையில்லை. ஆனால், துறைக்குத் துறை தகுதி சற்று வேறுபடும். இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். மலாய்மொழியில் தேறாதவருக்கு எஸ்.பி.எம். சான்றிதழ் கிடைப்பதில்லை. 2013-ஆம் ஆண்டிலிருந்து வரலாற்றுப் பாடத்திற்கும் இவ்விதி பொருந்தும். மற்றப் பாடங்களில் நன்கு செய்தும் இவ்விரண்டில் ஒன்றை இழந்ததால் சான்றிதழின்றி நிற்பவர்கள், 'படிப்பு முடிந்துவிட்டது' என்று சோர்ந்துவிடலாகாது. மறுதேர்வு எழுதித் தேறிய பின் அவர்களும் விண்ணப்பிக்கலாம்.

எஸ்.பி.எம். இல்லாதவர்க்கு வேறொரு வழியும் உண்டு. திறன் மேம்பாட்டுத் துறை வழங்கும் மலேசியத் திறன் சான்றிதழ் முதல் நிலையிலிருந்து தொடங்குவது. அந்த முதல் நிலைக்குப் பள்ளித் தேர்ச்சி கேட்கப்படுவதில்லை. மலாய்மொழியிலோ ஆங்கிலத்திலோ பேசவும் எழுதவும் தெரிந்திருந்தால் போதும்.

குடியுரிமை ஆவணங்களில் குறையுள்ள குடும்பங்கள் தோட்டங்களில் இன்னும் உண்டு. பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை ஆகியவற்றைச் சீர்செய்யக் காலம் பிடிக்கும். பிள்ளை ஐந்தாம் படிவம் முடிக்கும் வரை காத்திராமல், இன்றே தேசியப் பதிவுத் துறையை நாடுங்கள். ஆவணம் இல்லாததால் கல்லூரி வாயிலில் ஒரு பிள்ளை திரும்பி நிற்பதைவிடத் துயரம் வேறில்லை.

3. செலவைக் கணக்கிடும் முறை

கல்லூரி என்றவுடன் பெற்றோர் கேட்பது 'கட்டணம் எவ்வளவு?' என்பதே. சமூகக் கல்லூரி அரசாங்கக் கல்லூரி ஆதலால், அதன் கட்டணம் தனியார் கல்லூரிக் கட்டணத்தில் சிறு பகுதியே ஆகும். ஆயினும், கட்டணம் மட்டுமே செலவன்று. உறைவிடம், உணவு, பயணம் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். கீழ்வரும் தொகைகள் கணக்கிடும் முறையை விளக்கவே கொள்ளப்பட்டவை. உங்கள் ஊர் நிலவரத்திற்கேற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒரு பருவத்தை ஐந்து மாதங்களாகக் கொண்டால், கல்லூரியில் பயிலும் மூன்று பருவங்களுக்கு 15 மாதங்கள்.

வீட்டிலிருந்து சென்று வரும் மாணவிக்கு நாளொன்றுக்குப் பயணச் செலவு 6 வெள்ளி என்போம். மாதம் 20 நாள்களுக்கு 120 வெள்ளி. 15 மாதங்களுக்கு 1,800 வெள்ளி.

தொலைவிலுள்ள நகரில் தங்கிப் படிக்கும் மாணவிக்கு அறை வாடகை மாதம் 300 வெள்ளி. வெளியே உண்பதால் கூடும் உணவுச் செலவு 300 வெள்ளி. மாதம் ஒருமுறை வீடு வந்து செல்ல 40 வெள்ளி. ஆக 640 வெள்ளி. 15 மாதங்களுக்கு 9,600 வெள்ளி.

இரண்டிற்கும் உள்ள வேறுபாடு 7,800 வெள்ளி. 2025-ஆம் ஆண்டில் நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. அச்சம்பளம் பெறும் ஒருவர் ஒரு காசும் செலவழிக்காமல் நான்கரை மாதங்களுக்கு மேல் உழைத்தால்தான் இந்த வேறுபாட்டை ஈட்ட முடியும். கல்லூரிக் கட்டணத்தை நாம் இன்னும் சேர்க்கவேயில்லை என்பதையும் நினைவிற்கொள்க.

அருகில் பயில்வதிலும் ஓர் இடர் உண்டு. பல தோட்டங்களிலிருந்து பெருஞ்சாலைக்கு வருவதே தொல்லை. பேருந்து வருவதும் அரிது. ஒரே தோட்டத்தில், அல்லது அடுத்தடுத்த தோட்டங்களில், இரண்டு மூன்று பிள்ளைகள் சேர்ந்து படித்தால் ஒரு வாகனத்திற்குப் பங்கிட்டுப் பணம் கொடுக்கலாம். தோட்டத்துக் கோயில் குழுவும் இளைஞர் மன்றமும் இதற்கு முன்வருமானால் அதுவும் பெரும் பணியே.

1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் அவர்கள் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தபோது, தோட்டத் தொழிலாளர்கள் தங்கள் சம்பளத்திலிருந்து சிறுகச் சிறுகப் பங்குப் பணம் செலுத்தினார்கள். துண்டாடப்பட்டு வந்த தோட்டங்களுள் சிலவற்றை அப்பணத்தால் வாங்கவும் செய்தார்கள். தோட்டத்தையே வாங்கிய மக்களுக்கு, ஒரு வாகனத்தைப் பங்கிட்டுக்கொள்வது இயலாத செயலன்று.

4. மூன்று ஐயங்களும் விளக்கமும்

'அது படிப்பு வராத பிள்ளைகளுக்கான இடம்' என்பது முதல் ஐயம். மின்னோட்டத்தைக் கணக்கிடவும் இயந்திரத்தின் பழுதைக் கண்டறியவும் கூரிய அறிவு வேண்டும். அன்றியும், சமூகக் கல்லூரிச் சான்றிதழ் ஒரு முட்டுச்சந்து அன்று. நல்ல தேர்ச்சி பெற்றவர் பொலிடெக்னிக்கில் டிப்ளோமாவுக்கும், அதன்பின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகங்களில் பட்டப்படிப்புக்கும் விண்ணப்பிக்கலாம். இது படிக்கட்டின் முதற்படி. எந்தப் படியில் நின்றாலும் கையில் ஒரு தொழில் இருக்கும்.

'பாடம் தமிழில் இல்லையே' என்பது இரண்டாவது. உண்மைதான். மலாய்மொழியிலும் ஆங்கிலக் கலைச்சொற்களோடும் பாடம் நடைபெறும். ஆனால், இடைநிலைப்பள்ளியில் ஐந்தாண்டுகள் மலாய்மொழியில் பயின்ற பிள்ளைக்கு அது புதிதன்று. மேலும், பாடத்தின் பெரும்பகுதி பட்டறையில் செய்து காட்டப்படுவது. கண்ணால் கண்டு கையால் செய்யும்போது சொற்கள் தாமே பழகிவிடும்.

'பெண்பிள்ளையை வெளியே அனுப்புவதா?' என்பது மூன்றாவது. அருகிலுள்ள கல்லூரியின் சிறப்பே இங்குதான் விளங்குகிறது. காலையில் சென்று மாலையில் வீடு திரும்பலாம். மகன் படிக்கட்டும், மகள் தொழிற்சாலைக்குப் போகட்டும் என்று முடிவு செய்த குடும்பங்கள், செலவு காரணமாகவே அப்படிச் செய்தோம் என்று கூறுவதுண்டு. செலவு குறையும்போது அந்தக் காரணமும் நீங்கிவிடுகிறது. இருவரும் படிக்கட்டும்.

5. பெரியவர்களுக்கும் இடமுண்டு

சமூகக் கல்லூரி இளையோருக்கு மட்டும் உரியதன்று. வாழ்நாள் கல்வித் திட்டத்தின் கீழ், ஒரு நாள் அல்லது சில நாள்களில் முடியும் குறுகியகாலப் பயிற்சிகளையும் அது நடத்துகிறது. தையல், கேக் செய்தல், மோட்டார்சைக்கிள் பராமரிப்பு, கணினி அறிமுகம் போன்றவை அவற்றுட் சில. இவற்றிற்கு எஸ்.பி.எம். தேவையில்லை, கட்டணமும் குறைவு. வார இறுதியில் நடைபெறும் பயிற்சிகளும் உண்டு. வெட்டு வேலையைக் கைவிடாமலேயே ஒரு பக்கத் தொழிலைக் கற்றுக்கொள்ள இது நல்வழியாகும்.

ஆனால், குறுகியகாலப் பயிற்சிச் சான்றிதழும் தொழில் உரிமமும் ஒன்றல்ல. வீடுகளுக்கு மின்கம்பி பொருத்தும் வேலையைப் பொறுப்பேற்றுச் செய்ய, எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்றிதழ் வேண்டும். உணவு சமைத்து விற்போர் உணவு கையாள்வோர் பயிற்சியில் கலந்துகொண்டு, டைபாய்டு காய்ச்சல் தடுப்பூசியும் போட்டுக்கொள்ள வேண்டும். பயிற்சி முடிந்தபின் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதைப் பயிற்றுநரிடமே கேட்டறியுங்கள்.

பல்லாண்டுகளாக ஒரு தொழிலைச் செய்துவந்தும் சான்றிதழ் இல்லாதவர்கள் நம்மிடையே ஏராளம். பட்டறையில் இருபதாண்டு வேலை செய்த மெக்கானிக் ஒருவர், தம் அனுபவத்தைச் சான்றுகளுடன் தொகுத்து மதிப்பீட்டுக்கு வைத்து, மலேசியத் திறன் சான்றிதழ் பெறும் வழி உண்டு. முற்சாதனை அங்கீகாரம் எனப்படும் இதனைத் திறன் மேம்பாட்டுத் துறையில் விசாரிக்கலாம்.

6. கையெழுத்திடுமுன் கேட்க வேண்டியவை

தேர்வு முடிவுகள் வெளிவந்ததும் வண்ணத் தாள்களுடன் பலர் வீடு தேடி வருவார்கள். 'கடன் நாங்கள் வாங்கித் தருகிறோம். நீங்கள் கையெழுத்திட்டால் போதும்' என்பார்கள். தனியார் கல்லூரிகளில் நல்லவையும் உண்டு, அதை மறுப்பதற்கில்லை. ஆனால், எக்கல்லூரியாயினும் கையெழுத்திடுமுன் பின்வரும் கேள்விகளுக்கு விடை பெறுதல் வேண்டும்.

அ. இந்தப் பாடத்திட்டம் மலேசியத் தகுதி நிறுவனத்தின் பதிவேட்டிலோ திறன் மேம்பாட்டுத் துறையின் பட்டியலிலோ உள்ளதா?

ஆ. தொடக்கம் முதல் இறுதி வரை மொத்தச் செலவு எவ்வளவு? தேர்வுக் கட்டணம், சீருடை, கருவிகள் அதில் அடங்குமா?

இ. கடன் பெற்றால் அதை யார், எப்போதிலிருந்து, மாதம் எவ்வளவு திருப்பிச் செலுத்த வேண்டும்? படிப்பை இடையில் நிறுத்தினால் கடன் என்னவாகும்?

ஈ. தொழிலிடப் பயிற்சி உண்டா? எங்கே?

உ. இதன்பின் மேற்படிப்புக்கு எந்தக் கல்லூரி இச்சான்றிதழை ஏற்கும்?

விடைகளை எழுத்தில் பெறுங்கள். தெளிவான விடை தராதவரிடம் பிள்ளையின் எதிர்காலத்தை ஒப்படைக்காதீர்கள்.

7. முடிவாக

அருகில் இருப்பதாலேயே ஒன்று தாழ்ந்ததாகிவிடாது; தொலைவில் இருப்பதாலேயே உயர்ந்ததாகிவிடாது. பிள்ளை விரும்பும் துறை அருகிலுள்ள கல்லூரியில் இல்லையெனில் வெளியூர் செல்வதே முறை. இருக்குமானால், மிச்சமாகும் பணம் கருவிகள் வாங்கவும் மேற்படிப்புக்கும் உதவும். எங்கே சேர்ந்தாலும் இடையில் நிறுத்தாமல் முடிப்பதே முதன்மையானது. இரண்டாம் பருவத்தில் தொழிற்சாலைச் சம்பளம் ஆசை காட்டும். அந்நேரத்தில் பிள்ளையை உறுதியாக நிறுத்திப் பிடிப்பது பெற்றோர் கடமையாகும்.

எஸ்.பி.எம். முடிவு வந்த வாரத்திலேயே பிள்ளையுடன் நேரில் கல்லூரிக்குச் செல்லுங்கள். விண்ணப்பம் இணையத்தின் வழி செய்யப்படுவது. இறுதி நாள் தவறினால் அந்தப் பருவமும் தவறும். வழி கேட்பதில் வெட்கமில்லை. கேளாமல் விட்டுப் பின்னர் வருந்துவதே இழப்பாகும்.

பயிற்சி

1. உங்கள் தோட்டத்திற்கு மிக அருகிலுள்ள சமூகக் கல்லூரி எது? அங்குக் கற்பிக்கப்படும் துறைகளைக் கேட்டறிந்து எழுதுக.

2. அக்கல்லூரிக்கு வீட்டிலிருந்து சென்று வர மாதம் எவ்வளவு செலவாகும்? மூன்றாம் பகுதியில் கண்டவாறு 15 மாதங்களுக்குக் கணக்கிடுக.

3. உங்கள் வீட்டில் அனைவருக்கும் பிறப்புப் பத்திரமும் அடையாள அட்டையும் உள்ளனவா? இல்லையெனில் என்ன செய்வீர்கள்?

4. மழைநாளிலும் வருமானம் தரக்கூடிய தொழில் ஒன்றைத் தேர்ந்து, அதைக் கற்க எத்தகைய பயிற்சியும் உரிமமும் தேவை என்பதைக் குடும்பத்தாருடன் கலந்து பேசுக.