ஊர்ப்பெயரும் கணிப்பொறிக் குறியீடும்

பெங்களூரு நகரின் மல்லேஸ்வரம், 1898ஆம் ஆண்டில் பரவிய பிளேக் நோய்க்குப் பின்னர் திட்டமிட்டு விரிவாக்கப்பட்ட குடியிருப்புப் பகுதியாகும். இவ்வொரு பெயரைக் கணிப்பொறி எவ்வாறு பதிவு செய்கிறது என்பதை ஆராய்ந்தால், இந்திய மொழிகளின் எழுத்துக் குறியீட்டு முறை தெளிவாக விளங்கும்.

எண்ணே எழுத்து

கணிப்பொறி அறிவது எண்களை மட்டுமே. ஆகவே, ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் வகுக்கப்படுகிறது. அமெரிக்காவில் 1963இல் வெளியிடப்பட்ட ஆஸ்கி தரம் 7 பிட்டுகளைக் கொண்டது. அதில் 128 இடங்களே உண்டு. ஆங்கிலத்தில் மல்லேஸ்வரம் என்னும் பெயர் 11 எழுத்துகளால் ஆனது. அதற்கு 11 பைட்டுகள் போதும். ஆனால் இந்திய எழுத்துகளுக்கு அத்தரத்தில் இடமில்லை.

இக்குறையை நீக்க, 1991ஆம் ஆண்டில் இஸ்கி என்னும் இந்தியத் தரம் வெளியிடப்பட்டது. இது 8 பிட் முறை. முதல் 128 இடங்கள் ஆஸ்கிக்கும், எஞ்சியவை இந்திய எழுத்துகளுக்கும் ஒதுக்கப்பட்டன. பிராமியிலிருந்து தோன்றிய எழுத்து முறைகளுக்குப் பொதுக் குறியீடு அளிக்கப்பட்டமையால், தமிழ் மகரமும் கன்னட மகரமும் ஒரே எண்ணைப் பெற்றன. யூனிகோடு, ஒவ்வொரு மொழியெழுத்துக்கும் தனி இடம் வழங்கியபோதிலும் அவ்வரிசையைப் பெரிதும் பின்பற்றியது. அதில் தமிழ் மகரத்தின் எண் 2990. கன்னட மகரத்தின் எண் 3246. வேறுபாடு 256. ரகரத்திற்கும் இதே வேறுபாடுதான்.

ஒலியா, வடிவமா?

மல்லேஸ்வரம் என்பதில் கண்ணுக்குப் புலப்படும் எழுத்துகள் ஏழு. யூனிகோடில் அவை 11 குறிகளாகின்றன. மூன்று மெய்யெழுத்துகளின் புள்ளிகளும், லேகாரத்தின் ஏகாரக் குறியும் தனித்தனியே எண்ணப்படுவதே காரணம். ஏகாரக் குறி லகரத்தின் இடப்பக்கம் தோன்றினும், ஒலி வரிசைப்படி லகரத்தின் பின்னரே பதிவாகிறது.

முன்னாளில் பல மென்பொருள்கள் வடிவங்களையே எண்ணிட்டன. ஒருவர் தட்டெழுதிய கடிதம், அதே எழுத்துரு இல்லாத மற்றொரு கணிப்பொறியில் பொருளற்ற குறிகளாயிற்று. இக்குழப்பத்தைக் குறைக்கத் தமிழ்நாடு அரசு 1999இல் டாம், டாப் என்னும் தரங்களையும், 2010இல் யூனிகோடையும் அதனுடன் 16 பிட் தமிழ்க் குறியீட்டையும் ஏற்றது.

நிர்வாகத்திற்குரிய பாடம்

இன்று பரவலாக வழங்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ், கன்னடக் குறி ஒவ்வொன்றும் 3 பைட்டுகளைக் கொள்ளும். ஒரு விண்ணப்பப் படிவத்தில் ஊர்ப்பெயருக்கு 30 பைட்டுகள் ஒதுக்கப்படுவதாகக் கொள்வோம். ஆங்கிலப் பெயர் 11 பைட்டுகளில் அடங்கும். அனுசுவாரத்துடன் எழுதப்படும் கன்னடப் பெயர் 10 குறிகளாதலால் சரியாக 30இல் அடங்கும். தமிழ்ப் பெயருக்கோ 33 தேவை. எனவே கடைசிப் புள்ளி வெட்டுண்டு, 'மல்லேஸ்வரம' என்றே பதிவாகும். பின்னர் சரியான பெயரைக் கொடுத்துத் தேடுவோர்க்கு அப்பதிவு கிட்டாது போகலாம். ஆங்கிலத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்டு படிவம் வகுப்பதன் விளைவு இது.

மேலும், 'மல்லேசுவரம்' என்று எழுதினாலும் குறிகள் 11தான். எனினும் கணிப்பொறிக்கு அது வேறொரு பெயரே. குறியீட்டுத் தரம் எழுத்துக்கு எண்ணை வகுக்குமேயன்றி, எழுத்துக்கூட்டலை வகுக்காது. ஆகவே தரவுத்தளம் அமைக்கும் அலுவலகங்கள், போதிய இட ஒதுக்கீட்டோடு, ஊர்ப்பெயர்களின் ஒரே சீரான வடிவத்தையும் முன்னரே வரையறுத்தல் இன்றியமையாதது.