கதிரவன் தரும் மின்சாரம்: ஒரு வீட்டுக் கணக்கு

“எத்தனை சூரியத் தகடு வேண்டும்?” என்றுதான் பலரும் முதலில் கேட்கின்றனர். “நம் தேவை எவ்வளவு?” என்பதே முதற்கேள்வியாதல் வேண்டும்.

ஒரு சிறு வீட்டின் இரவுத் தேவையைக் கணக்கிடுவோம். 9 வாட் விளக்குகள் 4, ஐந்து மணி நேரம் எரிய 180 வாட் மணி. 75 வாட் மின்விசிறிகள் 2, எட்டு மணி நேரம் சுழல 1200. 60 வாட் தொலைக்காட்சி இரண்டு மணி நேரத்துக்கு 120. ஆக மொத்தம் 1500 வாட் மணி.

வழியில் கால் பங்கு வீணாகுமாதலால் 2000 வாட் மணி உண்டாக்க வேண்டும். நம் நாட்டு வெயிலை நாளுக்கு 5 மணி நேர முழு வெயிலாகக் கொண்டால், 400 வாட் தகடு போதும்.

பாட்டரிக்கு வருவோம். 12 வோல்ட், 150 ஆம்பியர் மணி ஈய-அமில பாட்டரியில் அடங்குவது 1800 வாட் மணி. அதில் பாதியையே நாள்தோறும் எடுக்கலாம்; இன்வெர்ட்டர் இழப்பு போகக் கிடைப்பது சுமார் 800. எனவே இரண்டு பாட்டரிகள் தேவை.

மின்விசிறிகளை மட்டும் 30 வாட் பி.எல்.டி.சி. வகைக்கு மாற்றிப் பாருங்கள்! தேவை 780 ஆகக் குறைகிறது. ஒரே பாட்டரியும் 210 வாட் தகடும் போதும்.

தகடு 25 ஆண்டு உழைக்கும். பாட்டரியோ ஏறத்தாழ 5 ஆண்டே. ஒன்றின் விலை ரூ.15,000 எனக் கொண்டால், இரண்டாவது பாட்டரிக்கு 25 ஆண்டில் ரூ.75,000 செலவு. மின்விசிறிகள் இரண்டுக்கும் சுமார் ரூ.6,000 தான்!

மழை நாளில் மின்வாரிய இணைப்பு கைகொடுக்கும். ஆகவே நண்பர்களே, கடைக்குப் போகுமுன் காகிதமும் பென்சிலும் எடுங்கள். சிக்கனமே முதல் மின் நிலையம்.